ஒரே வண்டி, ஊருக்கொரு விலை



கோவையில் ஆடிட்டர் தொழில் பார்க்கிறவனிடம் வருமான வரியைப் பற்றிக் கேட்பது ஜூலை மாதத்தில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வருகிற கேள்விகள் வேறு மாதிரி. "ஏனுங்க, வண்டியைப் பாண்டிச்சேரியில எடுத்தா லாபமாமே?" "பையன் பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். காரை அங்கேயே வாங்கறதா, இங்க வாங்கி அனுப்பறதா?" "பாலக்காட்டுல மச்சான் இருக்கறாருங்க. அவர் பேர்ல எடுத்துட்டா வரி கம்மிதானுங்களே?" மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு கணக்கு. ஷோரூம் விலை 12 லட்சம் ரூபாய் உள்ள ஒரு பெட்ரோல் கார். கம்பெனி கொடுக்கிற விலை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஜிஎஸ்டியும் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் பதிவு செய்யப் போனால்? தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி விகிதத்தை மாற்றினார்கள். அதற்கு முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என்று இரண்டே படி. இப்போது நாலு படி: 5 லட்சம் வரை 12, பத்து வரை 13, இருபது வரை 18, அதற்கு மேல் 20. ஆக நம் காருக்கு 2,16,000 ரூபாய். கர்நாடகத்தில் 17 சதவீதம், 2,04,000. அங்கே மலிவு என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த வரியின்மேல் ஒரு செஸ் போடுகிறார்கள், சேர்த்துப் பார்த்தால் நம்மைத் தாண்டிவிடும். கேரளத்தில் 15 சதவீதம், 1,80,000. டெல்லியில் 10 சதவீதம், 1,20,000. ஒரே தொழிற்சாலை, ஒரே பெயின்ட், ஒரே மாடல். எங்கே பதிவு செய்கிறோம் என்பதை வைத்து ஒரு லட்சம் ரூபாய் கூடுகிறது, குறைகிறது.

ஏன் இப்படி என்றால், அரசியல் சட்டம் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57ஆவது இனம் வாகன வரி. அந்த வரிக்கான பொதுக் கொள்கைகளை வகுப்பது பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதாவது மத்திய அரசு விரும்பினால் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் விகிதத்தை வைப்பது மாநிலம். ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்கள் பல வரிகளைக் கைவிட்டன. கைவிடாமல் வைத்துக்கொண்டவை என்று விரல் விட்டு எண்ணினால் மதுபானம், பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி. பணம் தேவைப்படும்போது மாநிலத்தின் கை இந்த நாலைந்து பக்கம்தான் நீளும். வேறு எங்கே போவார்கள்?

போகிற போக்கில் ஒரு பழைய கதை. சென்னை மாகாணத்தில் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. அதுவரை உள்ளாட்சிகள் ஆங்காங்கே கேட் போட்டுச் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தன. அந்த கேட்டுகளை எடுத்துவிட்டு, பதிலுக்கு மாகாண அரசே ஒரு வரி வாங்கி, உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுப்பது என்பது ஏற்பாடு. இன்று அந்த வரியும் இருக்கிறது, கேட்டும் திரும்பி வந்துவிட்டது. இதைச் சொன்னால் கனியூர் சுங்கச்சாவடியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி பாண்டிச்சேரி. கேட்பவர்கள் எல்லாரும் 2017க்கு முந்தைய கதையை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அப்போது கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வரி. ஒரு கோடி ரூபாய் கார் என்றால் 20 லட்சம். புதுச்சேரியில் சதவீதம் கிடையாது, படிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பெரிய காருக்கும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். பதினெட்டு லட்சம் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சினிமாக்காரர்கள், அரசியலில் இருப்பவர்கள் என்று பல பேருடைய கார்கள் புதுச்சேரி எண்ணோடு கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஓடின. பதிவுக்குக் காட்டிய விலாசத்தில் போய் விசாரித்தால், அந்த வீட்டில் இருப்பவருக்கு அப்படி ஒரு கார் இருப்பதே தெரியாது. 2017இல் கேரளத்தில் இது பெரிய செய்தியானது, வழக்குகள் வந்தன, சிலர் வரியைக் கட்டினார்கள்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 40: நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் நடத்துகிற இடம், வண்டி வழக்கமாக நிற்கிற இடம், அந்த மாநிலத்தில்தான் பதிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்த மாநிலத்துக்குள் எந்த ஆர்டிஓ அலுவலகத்திலும் பதியலாம் என்று தளர்த்தினார்கள். மாநிலம் தாண்டித் தளர்த்தவில்லை. பிரிவு 47: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் எண்ணை வாங்கியாக வேண்டும். கர்நாடகம் 2014இல் இந்தப் பன்னிரண்டு மாதத்தை முப்பது நாளாகச் சுருக்கி வரி கேட்டது. 2016இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆனால் அதிகாரிகள் சும்மா இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரே நாளில் சுமார் முப்பது சொகுசுக் கார்களைப் பிடித்து நிறுத்தினார்கள். எல்லாம் வெளிமாநில எண்.

மச்சான் பேரில் எடுக்கிற யோசனைக்கு என் பதில் சட்டம் கூட இல்லை, குடும்பம். வண்டி அவர் பேரில் இருந்தால் வண்டி அவருடையது. விபத்து நடந்தால் நோட்டீஸ் அவருக்குப் போகும். இன்சூரன்ஸ் பணம் அவர் கணக்கில் விழும். நாளைக்கு விற்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க மச்சானோடு பத்து வருஷத்துக்கு மனஸ்தாபம் வாங்குவதா?

இப்போது டெல்லிக்கு வருவோம். 1,20,000 என்று சொன்னேன் அல்லவா, மலிவாகத் தெரிகிறதல்லவா? அதே 12 லட்சத்துக்கு ஒரு டீசல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். டீசலுக்கு அங்கே கால் பங்கு கூடுதல், 12.5 சதவீதம். ஒன்றரை லட்சம். ஆனால் டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல் பழைய வண்டிக்கு பங்க்கில் டீசல் ஊற்றக் கூடாது என்று ஆரம்பித்து, மக்கள் எதிர்ப்பில் சில நாளிலேயே நிறுத்திவைத்து, விஷயம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போய் ஓரளவு தளர்ந்தது. சரி, பத்து வருஷம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சத்தைப் பத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 15,000. நம் ஊரில் 2,16,000 கட்டிப் பதினைந்து வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 14,400. வரி கூடிய மாநிலத்தில்தான் கார் மலிவு! இந்தக் கணக்கை நான் முதலில் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அப்படிக் காலம் முடியப்போகிற டெல்லி வண்டிகள் எங்கே போகின்றன? தெற்கே வருகின்றன. 'டெல்லி வண்டி' என்றால் நம் பழைய கார் வியாபாரிகளிடம் அதற்கென்று ஒரு தனி விலை இருக்கிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், இங்கே ஓடிய அதே மாடலைவிட லட்சம், இரண்டு லட்சம் குறைவாகச் சொல்வார்கள். வாங்கலாமா என்றால், தடையில்லாச் சான்று கையில் இருக்கிறதா, இங்கே புது எண் வாங்க எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த வரியைச் சேர்த்தால் வித்தியாசம் பாதியாகக் கரைந்துவிடும்.

வரி ஒரு முறை. பெட்ரோல் தினமும். நம்மில் பலர் பாலக்காட்டு ரோட்டில் போகிறவர்கள்தான். வாளையாறுக்கு முன்னால் க.க.சாவடி பக்கம் உள்ள பங்க்குகளில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். முக்கால்வாசி கேரள எண். கோவைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், துணி எடுக்க வந்தவர்கள், கல்லூரியில் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள். மீட்டர் முள் பாதியில் இருந்தாலும் 'ஃபுல் டேங்க்' என்பார்கள். எல்லையைத் தாண்டினால் லிட்டருக்கு ஐந்து ரூபாய் அளவுக்குக் கூடும். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வரி. 2021 ஆகஸ்டில் பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகு வந்த கணக்கு இது. கேரளத்தில் அடிப்படை வரியே அதிகம். 2023 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று இன்னொரு 2 ரூபாயும் ஏற்றினார்கள். முதியோர் பென்ஷன் கொடுக்கத்தான் என்றார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தருகிற வண்டி என்றால், மாதம் அறுபத்தேழு லிட்டர்; மாதம் முந்நூற்று முப்பது ரூபாய் கூடுதல்; வருஷத்துக்கு நாலாயிரம். நம் 12 லட்ச ரூபாய் காரில் கேரளம் வரியில் விட்டுக்கொடுத்த 36,000 ரூபாயை ஒன்பது வருஷத்தில் பெட்ரோலில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதைவிட வேடிக்கை மாகி. கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே ஒன்பது சதுர கிலோமீட்டர் ஊர்; புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெட்ரோல் சுற்றியுள்ள கேரளத்தைவிடப் பத்து ரூபாய்க்கு மேல் மலிவு. அதனால் அந்தச் சின்ன ஊரில் மதுக்கடையும் பெட்ரோல் பங்க்கும்தான் எங்கு பார்த்தாலும். தேசிய நெடுஞ்சாலையில் மங்களூருக்குப் போகிற லாரிகள் டீசலுக்காகவே அங்கே வரிசை கட்டும். 2024 மார்ச்சில் தலசேரி–மாகி புறவழிச்சாலை திறந்தார்கள். ஊருக்குள் நுழையாமல் போகலாம், நேரம் மிச்சம். ஆனாலும் டேங்க்கை நிரப்புவதற்காகப் பழைய ரோட்டுக்கே வண்டியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு முன்னால் புறவழிச்சாலை தோற்றுப்போகிறது.

இன்சூரன்ஸில் அவ்வளவு வித்தியாசமில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் நாடு முழுக்க ஒன்று: ஆயிரம் சிசி வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் இரண்டு மண்டலம். சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை உள்ளிட்ட எட்டு பெருநகரம் ஒரு மண்டலம். கோவை உட்பட மீதி இந்தியா எல்லாம் இன்னொன்று. நமக்குக் கொஞ்சம் குறைவு. சுங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டம் ராத்திரி வரை போகும். தமிழ்நாட்டில் தேசிய நெடுஞ்சாலை அதிகம், அதனால் சாவடியும் அதிகம். கேரளத்தில் சாவடி குறைவு, இருப்பவற்றில் ஒன்றில் தகராறு. ரோடு சரியில்லாமல் சுங்கம் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றம் திருச்சூர் அருகே பாலியேக்கரையில் வசூலையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அதே மாதம் 15ஆம் தேதி முதல் 3,000 ரூபாய்க்கு 200 முறை போகிற வருஷ பாஸ் வந்தது. அடிக்கடி போகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, இதுவரை சொன்னதைக் கூட்டிக் கழித்தால் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். 12 லட்சத்துக்கு வாங்கிய காரை எட்டு வருஷம் கழித்து நாலு லட்சத்துக்கு விற்றால் வருஷத்துக்கு ஒரு லட்சம் தேய்மானத்திலேயே போய்விட்டது. அதற்கு எந்த மாநிலமும் பொறுப்பில்லை. அப்படியானால் ஒரு குடும்பத்துக்கு எந்த மாநிலத்தில் கார் வைத்துக்கொள்வது செலவு என்ற கேள்வியையே நாம் வேறு விதமாகக் கேட்க வேண்டும். எங்கே கார் இல்லாமல் காலம் தள்ள முடியாதோ, அங்கேதான் கார் செலவு.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் வீட்டில் கார் இருக்கிறதா என்று கேட்டார்கள். நாடு முழுக்க நூற்றுக்கு ஏழரை வீடு. கோவாவில் 45. கேரளத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு. தமிழ்நாட்டில்? ஆறரை. தேசிய சராசரிக்கும் கீழே. இந்த எண்ணைச் சொன்னாலே பலர் நம்ப மாட்டார்கள். அவிநாசி ரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் எப்படி நம்புவார்கள்?

கேரளத்துக்காரர்களிடம் வளைகுடாப் பணம் இருக்கிறது, அதனால் கார் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கிராமத்தை எடுத்துக்கொண்டால் அதில் உண்மை உண்டு. ஆனால் 2022–23 குடும்பச் செலவு ஆய்வைப் பாருங்கள். நகர்ப்புறத்தில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு தமிழ்நாட்டில் 7,630 ரூபாய், கேரளத்தில் 7,078. கிராமத்தில் தமிழ்நாடு 5,310, கேரளம் 5,924. நகரத்தில் நாம் ஒரு படி மேலே, கிராமத்தில் ஒரு படி கீழே. செலவழிக்கிற சக்தியில் பத்து சதவீதம் அளவுக்கு முன்னே பின்னே. காரிலோ கிட்டத்தட்ட நாலு மடங்கு. வெறும் பணத்தால் இந்த இடைவெளி வருமா?

எனக்குத் தெரிந்த பதில் இரண்டு. ஒன்று, ஊர் அமைப்பு. நம் பக்கம் கிராமம் என்றால் வீடுகள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். நடுவே கோயில், டீக்கடை, பஸ் நிற்கிற இடம். சுற்றிலும் வயல். கேரளத்தில் வீடு தனித்தனி. ஒவ்வொன்றும் தன் தோப்புக்குள். மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து, அதிலிருந்து ஒரு ஏற்றம், அதன் முடிவில் வீடு. ஆண்டில் பாதி மழை. வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அந்த ஏற்றத்துக்கு பஸ் வராது. இரண்டு, பஸ். தமிழ்நாடு 1970களின் தொடக்கத்திலேயே பெரிய தனியார் பஸ் முதலாளிகளிடமிருந்து வழித்தடங்களை எடுத்துப் போக்குவரத்துக் கழகங்களாக்கியது. நம் ஊரில் சேரன் போக்குவரத்துக் கழகம் 1972இல் வந்தது; இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு அந்தப் பேர் இன்னும் வாயில் வரும். அந்த பஸ் மலையடிவாரம் வரை போனது. டிக்கெட் விலையைக் கடைசியாக ஏற்றியது 2018 ஜனவரியில். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. அரசு இதனால் நஷ்டப்படுகிறது என்பது வேறு விவாதம். அந்த நஷ்டம் ஒரு குடும்பத்தின் கணக்கில் என்னவாகத் தெரிகிறது? வாங்காத கார் ஒன்றாகத் தெரிகிறது. வீட்டுக்கு ஒரு மொபெட் அல்லது பைக், தூரமென்றால் பஸ். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன.

கோவாவுக்கு வருஷாவருஷம் போய் வருகிற இளவட்டங்கள் இங்கே இருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே நாம் செல்போனில் கூப்பிடுகிற பெரிய டாக்ஸிக் கம்பெனிகள் கிடையாது. உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் விடவில்லை. டாக்ஸிக் கட்டணம் நம்மை மலைக்க வைக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிராமத்துக்கு பஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுற்றுலாப் பயணி ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாலு நாளில் போய்விடுவார். அங்கேயே குடியிருக்கிறவர் என்ன செய்வார்? காரை வாங்குவார். நூற்றுக்கு 45 என்ற எண்ணில் வசதியும் இருக்கிறது, வேறு வழியில்லாமையும் இருக்கிறது. செல்வத்தின் அடையாளம் என்று மட்டும் அதை வாசிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வாழ்க்கைச் செலவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாநிலவாரியாக நுகர்வோர் விலைக் குறியீட்டெண் மாதாமாதம் வருகிறது. ஒரு மாநிலத்தின் எண் பெரிதாக இருக்கிறது, இன்னொன்றின் எண் சிறிதாக இருக்கிறது, ஆகவே முதல் மாநிலத்தில் விலைவாசி அதிகம் என்று எழுதுகிறார்கள். அது அபத்தம். ஒவ்வொரு மாநிலத்தின் எண்ணும் அந்த மாநிலத்தின் பழைய விலையோடு ஒப்பிட்டது. இங்கே விலை எவ்வளவு வேகமாக ஏறியது என்று அது சொல்லும்; இங்கே ஒரு கிலோ தக்காளி அங்கே இருப்பதைவிட விலை அதிகமா என்று சொல்லாது. அதை அறிய ரேஷன் அரிசி, மின்கட்டணம், வாடகை என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் மின்சாரம் இலவசம். கர்நாடகத்தில் 2023இலிருந்து மாதம் 200 யூனிட் வரை வீட்டுக்குக் கட்டணமில்லை. வாடகையில் மட்டும் பெங்களூரை யாரும் வெல்ல முடியாது. பத்து மாத அட்வான்ஸ் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். நம் வாடகைச் சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது; வேறு ஒப்பந்தம் என்ற அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்காரர்களும் கேட்பதைக் கேட்கத்தான் செய்கிறார்கள்.

இந்த இரண்டு கணக்கும், வாடகையும் காரும், மோதுகிற இடம் ஓசூர். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பெங்களூரில் வாடகை கொடுக்க முடியவில்லை, ஓசூரில் வீடு. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வாடகையில் மாதம் பத்தாயிரம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலை ஏழரைக்கு ஓசூரிலிருந்து கிளம்பினால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிச் சாவடியில் ஒரு சுங்கம். போக வர, மாதம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஏழெட்டாயிரம் ரூபாய் பெட்ரோல். அதோடு டிஎன்70 எண்ணைக் கண்டாலே கை காட்டுகிற டிராஃபிக் போலீஸ். தினமும் ஓசூரில் வந்து படுக்கிற வண்டியைக் கர்நாடகத்தில் வைத்திருக்கிற வண்டி என்று சொல்ல முடியாது என்பதை விளக்க வேண்டும். அதற்கு வீட்டு விலாசத்துக்கு ஒரு ஆதாரம் டாஷ்போர்டில் கிடக்கும். பஸ்ஸில் போகலாமே என்றால், பெண்களுக்கான இலவச டிக்கெட் இரண்டு பக்கமும் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். கர்நாடகப் பெண்ணுக்கு அத்திப்பள்ளியோடு முடிகிறது, தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு எல்லையோடு முடிகிறது. மிச்சம் பிடித்த பத்தாயிரத்தில் கையில் நிற்பது ஓரிரண்டாயிரம். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூர் வரை நீட்டுவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அது வந்தால் ஓசூரில் பல வீட்டில் கார் வாசலில் நிற்கும், சாவி ஆணியில் தொங்கும்.

இனி, வேறு மாநிலத்துக்கே குடிபெயர்கிறவர்கள். இங்கேதான் பணத்தைவிட அலைச்சல். கோவையில் பதிந்த காரை பெங்களூருக்கு மாற்ற வேண்டும், கடன் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வங்கி தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அபராதச் சலான் ஏதாவது நிலுவை இருந்தால் கட்ட வேண்டும். பிறகு தடையில்லாச் சான்றுக்கு 28ஆம் எண் படிவம். அதில் சேஸிஸ் எண்ணைப் பென்சிலில் அச்செடுத்து ஒட்ட வேண்டும். சில மாடல்களில் அந்த எண் பானெட்டுக்குள் இருக்கும்; சிலவற்றில் முன் சீட்டைப் பின்னே தள்ளி, தரை விரிப்பைத் தூக்கினால் தெரியும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பும். பழைய வண்டியென்றால் துருவும் அழுக்கும் ஏறி, எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, இரண்டாவது தாளில் மறுபடி. இத்தனை கம்ப்யூட்டர் வந்த பிறகும் நம் நாட்டில் ஒரு கார் எந்த கார் என்று தீர்மானிப்பது இந்தப் பென்சில்தான்.

அந்தச் சான்று வந்ததும் புது மாநிலத்தில் 27ஆம் எண் படிவம், வண்டியை நேரில் காட்டுவது, வயதுக்கேற்பக் கழித்து மீதி ஆயுளுக்கு வரி, புது எண், புது நம்பர் பிளேட். அதன்பிறகு பழைய மாநிலத்தில் நீங்கள் ஆயுளுக்கும் கட்டிய வரியில் ஓட்டாத வருஷங்களுக்கு உண்டான பங்கைத் திரும்பக் கேட்கலாம். கேட்கலாம் என்றேன். அதற்குப் புது ஆர்சியின் நகலோடு பழைய ஆர்டிஓவுக்கு வர வேண்டும், பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு. என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்தப் பணத்தைப் 'போனால் போகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுள் வரி என்று வைத்தபோது, மனிதன் பிறந்த மாநிலத்திலேயே வண்டி ஓட்டி முடித்துவிடுவான் என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஐடி கம்பெனிக்காரன் மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுவான் என்று யாருக்குத் தெரியும்?

மத்திய அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து பிஎச் என்று தொடங்கும் எண் வரிசை வந்தது. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், நாலு மாநிலத்திலாவது அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் வாங்கலாம். வரி 10 லட்சம் வரை 8 சதவீதம், இருபது வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு இரண்டு கூட, மின்சாரக் காருக்கு இரண்டு குறைவு. அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டாம், இரண்டிரண்டு வருஷமாகப் பிரித்துக் கட்டலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 18 சதவீதம் வாங்குகிற மாநிலத்திடம் போய் 10 சதவீதத்தைத் தவணையில் வாங்கிக்கொள் என்றால் முகம் சுளிக்காமல் இருக்குமா? சில மாநிலங்கள் தனியார் ஊழியர்களுக்குத் தர மறுத்தன, வழக்குகளும் போயின. உங்கள் மகனோ மகளோ தகுதி உள்ளவர் என்றால் வாங்குவதற்கு முன்னால் டீலரிடம் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. பெயர் போடவில்லை. "ரிட்டயர் ஆகிவிட்டேன். மனைவிக்குச் சொந்த ஊர் ஒற்றப்பாலம் பக்கம். அங்கே குடிபோகலாமா, கோவையிலேயே இருக்கலாமா என்று யோசனை. புதுக் கார் ஒன்று வாங்க வேண்டும். எங்கே வாங்கினால் நல்லது?"

ஐயா, 12 லட்ச ரூபாய் வண்டி என்றால் கேரளத்தில் 36,000 குறைவு, பெட்ரோலில் அது திரும்பப் போய்விடும், அதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் ரிட்டயர் ஆனவர், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டப் போவதில்லை, அதனால் உங்களுக்கு அங்கே கொஞ்சம் லாபம்கூட இருக்கலாம். ஆனால் கோவையில் இருப்பதாக இருந்தால், சாயிபாபா காலனியோ பீளமேடோ, பஸ் ஸ்டாப் நடக்கிற தூரத்தில் இருந்தால், கார் வாங்காமலே ஒரு வருஷம் இருந்து பாருங்கள். வேண்டும்போது டாக்ஸி. ஒற்றப்பாலத்துக்கு ரயில் இருக்கிறது. அந்தப் பக்கமே குடிபோவதாக இருந்தால், வீடு ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே, ஏற்றமா, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று மனைவியிடம் கேளுங்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றால் கார் வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கே உங்கள் பேரிலேயே, அந்த விலாசத்திலேயே எடுங்கள். மச்சான் பேரில் வேண்டாம்.